அமரர் ஊர்தியில் ஓர் அலுவலகம்

தையல்கார அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியதும் கண் விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தது. தெருக்கோடியில் வருகிறவர் இன்னார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கையில் பிடித்திருக்கும் ஊசியின் காது மட்டும் தெரியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊசிக்கு நூல் கோக்க முடியாத தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள்? நூல் முனையை நாக்கில் நனைப்பதும், குத்துமதிப்பாகக் குத்திப் பார்ப்பதும், யாராவது கடைக்குள் வந்தால் ஏதோ அளவை யோசிப்பதுபோல் கூரையைப் பார்ப்பதுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கையின் வீட்டுக்காரர் ஒரு நாள் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்து, சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து காலையில் டீ குடிக்கப் போகிற வழியில் கடைக்குள் நுழைவார். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அவர் போன பிறகு பார்த்தால், ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொட்டணத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம் என்று நூல் கோத்த ஊசிகள் வரிசையாக நிற்கும். மெஷின் ஊசியிலும் நூல் ஏறியிருக்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தது. அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது நல்லதை முதலில் சொல்லிவிடுவது உத்தமம். போகப் போக அதற்கு இடம் கிடைக்குமோ என்னவோ.

தெருவில் அவருக்கு 'ஹலோ' என்று பெயர். துணி துவைக்கும் மெஷின் செய்து விற்கிற ஒரு கம்பெனியில், வாங்கியவர்களின் புகாரைப் போனில் கேட்டுக்கொள்வது அவர் வேலை. கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடிவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெரிய மனது பண்ணியது. வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம், டீத்தூள் மிச்சம். அன்றிலிருந்து அவர் வீட்டு ஜன்னல் வழியாகக் காலை முதல் மாலை வரை 'ஹலோ' என்ற ஒரே சொல் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. பெயர் வைக்கத் தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது. அப்படி வடிந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வேலைதான் செய்கிறார்களா என்று கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். அதனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை புகாரைப் பேசி முடிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே எண்ணி நூற்றுக்குப் புள்ளி போடுமாம். மூன்று மாதம் தவணை. மூன்றாவது மாதத்துச் சராசரி தொண்ணூறு வந்தால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைமை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். அது ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் போகிற தூரம்.

தங்கை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தற்காலிகம், தற்காலிகம் என்று பல வருடம் இழுத்தடித்து, இப்போதுதான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு அவள் போக முடியாது. அப்பா மடியில் உட்காராமல் ஒரு வாய் சாப்பிடாத பெண் குழந்தை வேறு. ஆக, தொண்ணூறு வந்தால் அது குடும்பம். வராவிட்டால் ஆளுக்கொரு திசை.

இதைக் கேள்விப்பட்டதுபோல, பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதம் பார்த்துத் தன் வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். இடிக்கிற மெஷின் காலையில் உறுமத் தொடங்கினால் இருட்டும்போதுதான் ஓயும். ஹலோ குளியலறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே குரல் எதிரொலித்தது. துணி அலமாரிக்குள் தலையை மட்டும் விட்டுப் பேசிப் பார்த்தார். குழந்தை வந்து மறுபாதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புள்ளி எண்பத்தாறில் நின்றது. இடிக்கிற சத்தம் மட்டும் இல்லாமலிருந்தால் நூறு தொட்டுவிடலாம் என்று அவர் அடித்துச் சொன்னார். தங்கையும் நம்பினாள். தையல்கார அக்காவும் நம்பினாள். சத்தம்தானே கண்ணெதிரே இருக்கிற எதிரி.

அப்போதுதான் அவர் செல்போனில் ஒரு படம் பார்த்தார். யாரோ ஒரு தாடிக்காரர் வேன் ஒன்றையே ஆபீஸாக மாற்றி, கடற்கரையில் நிறுத்தி, காலை நீட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். வேலை பார்ப்பதைப் படத்தில் காட்டவில்லை. காலை நீட்டியிருப்பதை நன்றாகக் காட்டினார்கள். நடமாடும் ஆபீஸ் இருந்தால் வேலை இரண்டு மடங்கு நடக்கும் என்று தாடிக்காரர் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தாடி வைத்தவர் பொய் சொல்வாரா?

ஹலோ வேன் தேடிப் புறப்பட்டார். நல்ல வேன்களெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தன. கடைசியில் தன் கைக்கு எட்டிய விலையில், நல்ல நீளமாக, குளிர்பெட்டியோடு ஒரு வண்டி கிடைத்துவிட்டது என்று வாயெல்லாம் பல்லாக ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்.

அது அமரர் ஊர்தி.

இறந்தவர்களைக் கடைசியாக ஏற்றிப்போகிற வண்டி. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் புதிதாக ஒன்று வாங்கியதால் இதை விற்றாராம். வேறு யாரும் கேட்டு வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று ஹலோ யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, நல்ல வெளிச்சம். உள்ளே உறவினர் உட்கார ஒரு பெஞ்சு. குளிர்பெட்டிக்கென்று வைத்த பேட்டரி, கம்ப்யூட்டரைக் காலையிலிருந்து மாலை வரை தாங்கும். திருடன்கூடத் தொட மாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

தங்கை அழுதாள், சாமி படத்தின் முன்னால் போய் நின்றாள், திரும்பி வந்து மறுபடி அழுதாள். அக்காவைக் கூட்டிவந்து நியாயம் கேட்டாள். அக்கா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"ஏன் தம்பி, இதுல ஏறினவங்க யாராச்சும் இதுவரைக்கும் உக்காந்து வேலை பாத்திருக்காங்களா?"

"இல்லக்கா. நான்தான் முதல் ஆளு."

"அது போதும்பா. பேரு நிக்கும்."

ஒரு வாரம் வண்டிக்குள் ஆணி அடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டு இடிப்புக்கு இது துணை. மடக்கு மேஜை வந்தது. கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு பலகை வந்தன. முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு வந்தது. போனில் பேசுகிறவருக்கு முகத்தில் வெளிச்சம் எதற்கு என்று கேட்டதற்கு, உற்சாகத்துக்கு என்றார். மனசு நிம்மதியாக இருக்க ஒரு தொட்டிச்செடியும் வந்தது. இன்டர்நெட் சிக்னலுக்கு இரண்டு வெள்ளைப் பெட்டிகளை, ஒன்று போனால் இன்னொன்று என்று, வண்டியின் கூரையில் பசை போட்டு ஒட்டினார். அந்தப் பசையின் குணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குளிர்பெட்டியை இறக்கி வைத்த பிறகு, தரையில் அதை இழுக்கவும் தள்ளவும் போட்ட இரண்டு தண்டவாளம் இருந்தது. தண்டவாளத்தைக் கழற்ற மனசு வராமல், அதன் மேலேயே சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைப் பொருத்தினார். வெகு பொருத்தமாக உட்கார்ந்தது. வண்டியை மேட்டில் நிறுத்திய அன்று, ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலி மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்து, கதவைத் திறந்துகொண்டு, ஹலோவின் முதுகைப் பாதித் தெருவுக்குக் காட்டிவிட்டு நின்றது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. தொழில் பக்தி என்றால் அது.

அடுத்து, எங்கே நிறுத்துவது என்ற பிரச்சினை. எந்த வீட்டுமுன் நிறுத்தினாலும் அந்த வீட்டுக்காரர் ஓடிவந்தார். தெருக்கோடி வீட்டில் வெகு நாளாகப் படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு மறுநாளே எழுந்து நடமாட ஆரம்பித்தார். வைத்தியத்தால் ஆகாததை வண்டி செய்தது. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்துக்குத் துரத்தியடித்தார்கள்.

அங்கே சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மரம் இருந்தது, நிழல் இருந்தது, சிக்னல் கொழித்தது. வண்டியைப் பார்த்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி, செருப்பைக்கூட மெதுவாக வைத்துப் போனார்கள். கடவுளே இறங்கி வந்து ஆபீஸ் போட இடம் தேடினால் இதைத்தான் எடுப்பார். தாடிக்காரர் சொன்ன எல்லாம் அங்கே இருந்தது.

புள்ளி எழுபத்தொன்றுக்கு இறங்கியது.

ஹலோ அசந்துபோனார். குற்றம் நாற்காலியில்தான் என்று வேறு நாற்காலி வாங்கினார். இன்னும் இறங்கியது. விளக்கின் நிறம் சரியில்லை என்று மாற்றினார். கம்ப்யூட்டர் திரையைக் கிழக்கே பார்க்க வைத்தார். பிறகு மேற்கே. தொட்டிச்செடியை வெளியே எடுத்துவைத்தார். பாவம், அதுவும் ஏதோ செய்திருக்குமோ என்று. தலைமை ஆபீஸ் மேடம் கூப்பிட்டுத் தேன் வடித்தார். தங்கை சமையலறையில் பாத்திரங்களை வைக்கிற விதம் மாறியது. ஒவ்வொன்றும் 'போ, போ' என்று விழுந்தது.

ஒரு நாள் மதியம் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அக்கா மைதானத்துக்குப் போனாள். வண்டிக்குள் ஹலோ பேசிக்கொண்டிருந்தார். கையால் 'உட்காருங்க' என்று காட்டினார். உறவினர் உட்காரும் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள்.

புகாரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அதனால் அந்தப் பக்கம் பேசுவது காதில் விழாவிட்டாலும் கதை புரிந்தது. யாரோ ஒரு அம்மாவின் மெஷின் சுற்றும்போது ஆடுகிறது. அது முதல் நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். ஹலோ வைக்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.

மெஷினை வாங்கித் தந்தது மகன். அப்புறம்? மகன் இப்போது பேசுவதில்லை. அப்புறம்? மருமகள் வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம்? அக்கா கொண்டுபோன சாப்பாடு ஆறி, மரத்து நிழல் வண்டியை விட்டு நகர்ந்து போன பிறகும் அந்த அம்மாவின் மருமகள் வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் போய்ச் சேரவில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவள் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். அளவு கொடுக்க வந்து கதை கொடுக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு கைமருந்து, சொல்லப்போனால் கால்மருந்து இருந்தது. மோட்டார் வைத்த மெஷினின் மிதியை ஓர் அழுத்து அழுத்துவாள். அது கத்துகிற கத்தலில் கதை பாதியில் நிற்கும். வந்தவர் என்றைக்குத் துணி கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார். தொழில் பழகிய நாளிலிருந்து அவள் பிழைப்பு அப்படித்தான் நடக்கிறது.

அவர் போனை வைத்ததும் அக்கா கேட்டாள்.

"பக்கத்து வீட்டை இடிக்கறப்ப எவ்வளவு வந்துச்சு தம்பி?"

"எண்பத்தாறு."

"இங்க, இவ்வளவு அமைதியில?"

ஹலோ திரையிலிருந்த எண்ணைக் கையால் மறைத்தார்.

"அங்க இடிச்சவன்தான்பா உனக்குச் சோறு போட்டிருக்கான். சத்தத்துல நீ சட்டுனு முடிச்சிருக்க. இங்க உனக்குக் காது நல்லாக் கேக்குது. அதான் வியாதி."

அவர் சிரித்தார். பிறகு முகம் மாறி, அவங்க பாவம்க்கா, பேச ஆள் இல்லாமத்தான் பேசறாங்க என்றார். அதற்கு உன் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு என்று அக்கா கேட்டாள். அவர் சாப்பாட்டைப் பிரித்தார். மூடினார்.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல் கடைக்கு வந்தார். கழுத்துக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று வாங்கியதெல்லாம் அமரர் ஊர்தியிலேயே ஓய்வெடுத்தன. வெட்டிய துணிக் குவியலுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே முதுகு சாயாத ஒரு ஸ்டூல். வெளிச்சத்துக்கு ஒரு பல்பு, அதுவும் துணிக்கு. நவீன ஆபீஸ் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. அக்காவின் கால் ஒன்றுதான்.

அவர் வாயிலிருந்து 'அப்பு' என்று வரும்போதே மிதி இறங்கும். மெஷின் கத்தும். காதில் மாட்டியிருந்த கருவி அவர் பேச்சை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புமாம், கடைச் சத்தம் போகாதாம். ஆனால் அவர் காதுக்கு அந்தப் பக்கத்துக் கதை கேட்காது. வேறு வழியில்லாமல், "பதிவு பண்ணிட்டேம்மா, நாளைக்கு ஆள் வருவாங்க" என்று முடிப்பார். தைக்கத் துணி இல்லாத நேரத்தில்கூட அக்கா பழைய துண்டுத் துணியில் கோடு கோடாக ஓட்டினாள். அந்த மாதம் அவள் கடையில் யாருக்கும் வேண்டாத துணியெல்லாம் அழகாகத் தைபட்டுக் கிடந்தது.

புள்ளி குரங்குபோல ஏறியது. மேடம் கூப்பிட்டுப் பாராட்டினார். என்ன முறை கையாள்கிறீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்று கேட்டார். அமைதியான சூழல் மேடம் என்று ஹலோ சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு இருமல் வந்தது. தங்கை வீட்டில் பாத்திரங்கள் மறுபடி மெதுவாக வைக்கப்பட்டன. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. சராசரி தொண்ணூறைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அன்று சாயங்காலம் வரைக்கும் எந்த அழைப்பையும் இழுக்காமல் விட்டால் போதும். அக்கா காலையிலேயே சாமி கும்பிட்டுவிட்டு, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மிதியில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மதியம் வரை ஒன்றும் கெடவில்லை. பல் பிடுங்குகிறவர் மாதிரி ஹலோ ஒவ்வொரு புகாராகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒருவர் கூப்பிட்டார். ஹலோ விதிப்படி திருப்பிச் சொன்னார்.

"மெஷின் பாதியில நின்னுடுச்சு, கதவு தொறக்க மாட்டேங்குது. அதானே அய்யா?"

அக்கா நூலை இழுத்துச் சரிசெய்தாள்.

"உள்ள துணி இருக்கு. சரி. போட்டது யாரு? உங்க வீட்டம்மாவா. அவங்க கிட்ட போனைக் கொடுங்களேன், எந்தப் பட்டனை அமுக்கினாங்கன்னு…"

நிறுத்திக்கொண்டார். பிறகு திருப்பிச் சொல்ல வேண்டியதைத் திருப்பிச் சொன்னார். விதி, என்ன செய்வது. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"அன்னிக்குக் காலைல துணியைப் போட்டுட்டு… நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியிலருந்து நீங்க மட்டும் திரும்பி வந்தீங்க. எல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாரும் போயி, இன்னிக்குத்தான் மெஷின் பக்கம் போனீங்க."

அக்காவின் கால் மிதியின் மேல்தான் இருந்தது. ஆள் அனுப்புகிறேன் அய்யா என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி. இன்னும் ஓர் அழுத்து. அந்தப் பக்கம் என்ன பேசுகிறார் என்று இவருக்குக் கேட்காமல் போய்விடும். இவர் முடித்துவிடுவார். சாயங்காலம் குழந்தை மடியில் உட்கார்ந்து சாப்பிடும்.

ஹலோ திரும்பி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தார்.

மெஷினின் சுவிட்சை அக்கா அணைத்தாள். தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியையும் அணைத்தாள். எழுந்து போய், தெருச் சத்தம் உள்ளே வராதபடி கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, இருந்த இடத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு நாள் கட்டிக் காத்த புள்ளியை ஒருவர் இப்படித்தான் பாதுகாக்க வேண்டும்.

"அப்புறம், அய்யா?" என்றார் ஹலோ.

அவர் போனை வைத்தபோது கம்பெனியின் வேலை நேரம் முடிந்திருந்தது. திரையில் எண்பத்தொன்பது என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தசமப் புள்ளியும் அதன் பின்னால் இன்னும் கொஞ்சமும் இருந்தன. அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று மேடத்திடம் கேட்டார்களாம். சேர்த்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை என்று மேடம் மிகவும் வருத்தப்பட்டார். தேன் கடைசிவரை குறையவில்லை.

எப்படி ஆச்சு என்று தங்கை கேட்டாள். கடைசி நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்று அக்கா சொன்னாள். ஜபம் தவறாதவள், வாய் கூசாமல் சொன்னாள். இரவு சாமி முன்னால் நின்று அதற்கு மன்னிப்புக் கேட்டாள். சுவிட்சை அணைத்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டியைப் பழைய ஓட்டுநரே திரும்ப எடுத்துக்கொண்டார். நாற்காலியையும் தலையணைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டார், தன் வாடிக்கையாளர்கள் அவ்வளவு சொகுசு கேட்பதில்லை என்று. கூரையில் ஒட்டிய வெள்ளைப் பெட்டிகள் இரண்டு மட்டும் எவ்வளவு நெம்பியும் வரவில்லை. அந்தப் பசை அப்படி. இந்த ஊரில் இன்றைக்கும் கடைசியாகப் போகிறவர்கள் நல்ல சிக்னலோடுதான் போகிறார்கள்.

வழியனுப்ப எல்லோரும் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். அக்கா அவரை நேரில் பார்த்தது அன்றுதான் கடைசி. அடுத்த வருடம் தங்கை நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டாள். அக்கா கடையை விட்டு எங்கேயும் போகிறவள் இல்லை. அதெல்லாம் பிறகு. அன்று குழந்தை அப்பாவின் சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்தது, தங்கை யாரையும் பார்க்காமல் பஸ்ஸின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் அக்கா, அவர் சட்டையில் தளர்ந்திருந்த பட்டனை இழுத்து இழுத்துப் பார்த்தாள். குழந்தையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அவர் ஏறினார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பஸ் நகரும்போது ஹலோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அக்காவைக் கூப்பிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறார் என்று நினைத்து அவள் கிட்டே ஓடினாள்.

"அக்கா, அந்த அய்யா வீட்டு மெஷின் கதவு தொறந்துடுச்சாம். அம்மாவோட துணியையெல்லாம் அவரே அலசிக் காயப்போட்டுட்டாராம்."